தோமி கடை ஆப்பிள்

நருமி தோமிக்கு அறுபத்தொரு வயது. ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகும் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வேலை நடக்கும், மற்றதில் பூனை தூங்கும். பதினைந்து வயதில் ஹிரோசாகி நகரில் தொழில் கற்கச் சேர்ந்தவர், இருபத்து நான்கில் சொந்தக் கடை போட்டார். கணவர் குளிர்காலம்தோறும் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போவார். எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் அப்படித்தான். ஒரு வசந்தத்தில் மற்றவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. அதே வசந்தத்தில் கடைக்குப் பக்கவாட்டில், தெரு ஓரமாக, ஓர் ஆப்பிள் செடி முளைத்தது. வராதவரைப் பற்றி தோமி பேசியதில்லை. வந்த செடியைப் பற்றி ஊரே பேசியது.

முறைக்குக் காத்திருப்பவர்கள் ஆப்பிள் தின்றுவிட்டு நடுத்தண்டை ஜன்னல் வழியே எறிவார்கள். அதில் ஒரு விதை பிடித்துக்கொண்டது. எறிந்தது யார் என்பதுதான் கடையில் முப்பது வருஷமாகத் தீராத வழக்கு.

"அது நான் கடிச்சுப் போட்டது அக்கா. பல்லு பட்ட தடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கு" என்பார் கசாய் தோகுசோ. ஐம்பது வயது, ஆற்றங்கரையில் ஆப்பிள் தோட்டம்.

"உனக்கு அப்ப இருபது வயசுகூட ஆகல. அப்பா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வருவே. பேசாதே, கத்தி கன்னத்துல இருக்கு."

பழம் சின்னது. மஞ்சள், ஒரு பக்கம் மட்டும் சிவப்பு. பறித்தவுடன் கடித்தால் முகம் கோணும். புத்தாண்டு வரை வைத்திருந்தால் தேன். பெயர் கிடையாது. தோமி கடை ஆப்பிள் என்றே எல்லோரும் சொன்னோம். விதையில் வந்த மரம் என்பதால் உலகத்தில் அதற்கு இன்னொன்று இல்லை. அதன் விதையைப் போட்டாலும் வேறு எதுவோதான் முளைக்கும்.

பனி தள்ளும் வண்டி திரும்ப இடம் போதவில்லை, தெருவை அகலப்படுத்துகிறோம், அடுத்த வருஷம் மார்ச்சில் மரத்தை எடுத்துவிடுவோம் என்று நகர அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. தோமி அதைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார். ஆட்சேபித்து எதுவும் எழுதவில்லை. முந்தின குளிர்காலம் ஆம்புலன்ஸ் மரத்தடியில் திரும்ப முடியாமல் சிக்கி நின்றதை அவரும் பார்த்திருக்கிறார்.

மரத்தின் கிளைகளை ஒடித்து மணலில் நட்டுப் பார்த்தார். கோடை முடிவதற்குள் எல்லாம் காய்ந்தன.

தோகுசோ சிரித்தார். "அக்கா, இது என்ன வில்லோ மரமா, குத்தி வச்சா வேர் விட? ஆப்பிள் குச்சி சாகும்வரைக்கும் குச்சிதான்."

"உங்க தோட்டத்துல மட்டும் எப்படி இத்தனை மரம்?"

"அடியில காட்டு ஆப்பிள். அது குத்தி வச்சாலே வேர் விடும். அது தலையில நம்ம குச்சிய ஒட்டுக் கட்டணும்."

"அதையும் அப்பவே குத்தி வச்சிருக்கேன். பின்னாடி போய்ப் பாரு."

பின்புறம் மீன் பெட்டிகளில் பன்னிரண்டு காட்டு ஆப்பிள் குச்சிகள் இலை விட்டிருந்தன. வேறொரு வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கி ஏப்ரலிலேயே நட்டது. தோகுசோ குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். பிறகு, "வசந்தத்துல ஒட்டு நான் கட்டித் தரேன்" என்றார்.

"வேணாம். கத்தி என்கிட்டயும் இருக்கு."

பிப்ரவரியில், பனி தொடையளவு கிடக்கும்போது, தோமி ஏணி போட்டு இருபது குச்சிகள் வெட்டினார். போன வருஷம் வளர்ந்த, பென்சில் கனமுள்ள குச்சிகள். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, கடையின் பின்னறையில் குளிர்பெட்டியின் காய்கறி அறையில் வைத்தார். மார்ச் முதல் வாரம் ஆட்கள் வந்து மரத்தை வெட்டினார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தோமி அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அப்போது தோகுசோ தன் சின்ன லாரியில் வந்தார்.

"ஆப்பிள் விறகு நல்லா நின்னு எரியும் அக்கா. குளியல் அடுப்புக்கு எடுத்துக்கறேன். விட்டா குப்பையிலதானே போடுவாங்க."

"எடுத்துக்கோ. உன் சொல்படி மரமும் உன்னோடதுதான், நீ கடிச்சுப் போட்டதாச்சே."

அடிமரம், கிளை, சுள்ளி எல்லாம் லாரியில் போயிற்று.

ஏப்ரல் கடைசியில், செர்ரி மொக்கு கனத்துக்கொண்டிருந்த நாளில், தோமி கடைக்கு விடுமுறை விட்டார். பின்புறம் பலகை போட்டு, மெழுகு உருக்கி, சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். பார்க்க நாங்கள் இரண்டு மூன்று பேர் போயிருந்தோம். தோகுசோவும் வந்திருந்தார். தோமி குச்சிக் கட்டை எடுத்துப் பிரித்தார்.

தோகுசோ ஒரு குச்சியைக் கையில் எடுத்து ஒரு மொட்டை நகத்தால் கிள்ளினார். உள்ளே கறுப்பு. இன்னொன்று. அதுவும் கறுப்பு.

"இது எங்க இருந்துச்சு அக்கா?"

"குளிர்பெட்டியில. காய்கறி அறையில."

அவர் முகம் மாறியது. "நியூஸ்பேப்பர்ல சுத்தியா?"

"ஆமா."

"அது வெங்காயத்தாள்னு நினைச்சேன்."

எங்களுக்குப் புரிந்துவிட்டது. தோமிக்குத்தான் புரியவில்லை. மார்ச் நடுவில் தோகுசோவின் மகளுக்குக் கல்யாணம். அன்று காலை ஆறு மணிக்கே கடை திறந்து அவருக்குச் சவரம் செய்து அனுப்பினார் தோமி. அந்த நன்றிக்காக மறுநாள் ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டு வந்தார் தோகுசோ. தோமி அப்போது தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடாமல், பழம் கெடக்கூடாதென்று, தானே உள்ளே போய்க் குளிர்பெட்டியின் அதே காய்கறி அறையில் அடுக்கிவிட்டுப் போனார். பறித்து வைத்த ஆப்பிள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சு பக்கத்தில் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். இது எங்கள் ஊர்த் தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஊரில் எல்லோர் வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஆப்பிள் இருக்கும் என்பதும் தெரியும்.

"ஆறு வாரம்" என்றார் தோகுசோ. "ஆறு வாரம் கூடவே படுத்திருக்கு. நான்தான் கொன்னேன்."

தோமி கத்தியை மடித்தார். "நல்ல பழம் அது. தினம் ஒண்ணு சாப்பிட்டேன்" என்றார்.

மெழுகு உருகி நின்றது. தோமி உருக்கும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கப் போனார். அப்போது தோகுசோ, "இறக்காதே" என்று சொல்லிவிட்டு லாரிக்கு ஓடினார். தோமியும் நாங்களும் ஏறிக்கொண்டோம்.

அவர் வீட்டில் அவர் மனைவி சதா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். லாரி நிற்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்: "வாங்க தோமி அக்கா. உங்க மரத்தை இந்த மனுஷன் கொண்டுவந்து கொட்டினாரு பாருங்க, கொட்டினதோட சரி. அறு அறுன்னு ரெண்டு மாசமா சொல்றேன். இன்னும் ஒரு துண்டு அறுக்கல. குளிக்க விறகு இல்ல, கெரசின் வாங்கி எரிக்கறோம்."

"எங்க கொட்டினாரு?"

"கிடங்குக்கு வடக்கே. மேல கூரைப் பனி பூரா சரிஞ்சு விழுந்து கிடக்கு."

கிடங்கின் வடபுறம் வெயில் படாது. மே வந்தாலும் அங்கே பனி கரையாது. தோகுசோ மண்வெட்டியால் வெட்டினார். மேலே அழுக்கு, அடியில் உப்புப் போல வெள்ளை. இடுப்பளவு தோண்டியபின் கிளைகள் தெரிந்தன. தோமி குழிக்குள் இறங்கி ஒரு கிளை நுனியை ஒடித்து எடுத்தார். மொட்டைக் கிள்ளினார். பச்சை. இன்னொன்றைக் கிள்ளினார். பச்சை.

வருஷத்தில் நான்கு மாதம் அந்தப் பனியைத் தள்ளியே தோமியின் இடுப்பு வளைந்தது. அதைத் திட்டாத நாளில்லை. இப்போது குழிக்குள் நின்றபடி, கையிலிருந்த பனியைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே நிமிர்ந்து சதாவைப் பார்த்துச் சொன்னார்:

"சதா, உன் வீட்டுக்காரன் சோம்பேறியா இருந்ததுக்கு ரொம்ப நன்றி."

"எடுத்துட்டே போங்க அக்கா, அவரையும் சேர்த்து" என்றார் சதா.

அன்று மதியத்துக்குள் கடையின் பின்புறத்தில் பன்னிரண்டு ஒட்டும் முடிந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல் கன்னங்களில் ஓடிய கத்தி. குச்சியில் ஒரே இழுப்பு. வெட்டிய பரப்பு கண்ணாடி போல இருந்தது. தோகுசோ ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வழவழன்னு என் கன்னத்தை ஒரு நாளும் இழைச்சதில்ல நீ."

"உன் கன்னம் பேசிக்கிட்டே இருக்கும். இது பேசாம இருக்கு."

பட்டையோடு பட்டை பொருத்தி, நாடா சுற்றி, நுனியில் மெழுகு வைத்தார்.

மே கடைசியில் ஒன்பது மொட்டுகள் விரிந்தன. மூன்று விரியவில்லை. தோமி அந்த மூன்றையும் பிடுங்கவில்லை. அடியிலிருந்த காட்டு ஆப்பிள் தன் இலைகளை விட்டுக்கொண்டது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு ஆக்குவதுபோல், சிவப்புப் பயறு போட்டுச் சர்க்கரை சேர்த்த சோறு ஆக்கி, இரண்டு அடுக்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு சதா வீட்டுக்கு நடந்து போனார். தோகுசோ வாசலில் விறகு அறுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு அறுக்கறே?" என்றார் தோமி.

மறு வருஷம் ஒன்பது கன்றுகளில் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு எட்டைக் கொடுத்தார். நடுத்தண்டை எறிந்தது தான்தான் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒன்று. யார் சொல்வது உண்மை என்று விசாரிக்கவில்லை. நானும் சொல்லியிருந்தேன். என் கன்று கொல்லையில் தெற்கு மூலையில் நிற்கிறது. இந்த வருஷம் முதல் தடவையாக நான்கு பழம். பறித்துவிட்டேன், இன்னும் கடிக்கவில்லை. புத்தாண்டு வரட்டும்.