வலைக்குப் பக்கத்துக் கிச்சன்

பள்ளிக்கூடம் விட்டதும், என்னோடு வேலை பார்க்கும் இளைய டீச்சர் மண்டபம் ஊர் மைதானத்துக்கு இழுத்துப் போனாள், டென்னிஸ் மாதிரி மட்டையால் ஆடும் பிக்கிள்பால் பழக. விடியுமுன் எழுந்து சமைத்து, நாளெல்லாம் நின்று பாடம் நடத்திய கால்கள் கெஞ்சின. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைக் கடல்காற்று தள்ளிக்கொண்டு போனது. ஒருமுறை வலையருகே ஓடி, பந்து தரையில் படுமுன் அடித்துவிட்டேன்.

“யக்கா, அங்கன நின்னு அப்படி அடிக்கக் கூடாது. வலையை ஒட்டின அந்தக் கட்டத்துக்குப் பேரு கிச்சன்.”

“இங்கனயுமா?” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கப்போய்க் கண் கலங்கியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் போனில் கேட்டார்: “ராத்திரிக்கு என்ன?”

“மாவு இருக்கு, நீங்களே தோசை ஊத்திக்கிருங்க. நான் வர நேரமாகும்.”

“சட்னி?” என்றார்.