முதல் ஓட்டு தப்பாத்தான் வரும்

கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டே மேசை மேல் ரிமோட்டைத் தேடுகிறார் இயற்பியல் ஆசிரியை. வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் அரங்கை நான்கு சுற்று சுற்றியாயிற்று. புரொஜெக்டர் வயரைக் காலால் தட்டிப் பார்க்கிறார். படம் ஆடவில்லை. அதிலும் நம்பிக்கை வராமல் இன்னொரு தட்டு. “வைஃபை மட்டும் இன்னிக்கு மனசு வெச்சா போதும்” என்று சுவரிடம் சொல்லிவிட்டு ஐந்தாம் சுற்றுக்குக் கிளம்புகிறார்.

ஒரே வகுப்பில் நூற்று அறுபத்து நான்கு பேர். நான்கு பேருக்கு ஒரு மேசையாக நாற்பத்தொரு குழுக்கள். திரையில் ஒரு கேள்வி வரும். யாருடனும் பேசாமல் அவரவர் கைப்பேசியில் முதல் ஓட்டைப் போட வேண்டும். கைப்பேசி இல்லாதவர்களுக்கு அவரே கத்தரித்த நான்கு நிற அட்டைகள். பிறகு குழுவாகச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டாம் ஓட்டு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் ‘ஏன் ஆள்’. யார் என்ன சொன்னாலும் “ஏன்?” என்று கேட்டு உயிரை வாங்குவதுதான் அந்த வாரம் முழுக்க அவர் வேலை.

“முதல் ஓட்டு தப்பாத்தான் வரும். எல்லாரும் சரியாப் போட்டா எனக்கு இங்க என்ன வேலை?” என்பார் ஆசிரியை. திரையில் ஓட்டுகளைக் காட்டும் நிறப் பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்று வகுப்பு குழம்பிப்போய்விட்டால் அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். சுவிட்சைப் போட்டதும் இரைச்சல் தொடங்கிவிடுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மிக்ஸி’. அது அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடப்பதில் அவ்வளவு திறமை இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்றால்கூடக் கணவரும் மகளும் தனித்தனியாகத் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். “நீ முடிவு பண்ணிட்டுக் கேக்கறியா, முடிவு பண்ணாமக் கேக்கறியா? அத மட்டும் சொல்லிடு” என்பார் கணவர். மகள் எதுவும் எழுதாத வெற்றுச் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவாள்.

பக்கத்து அறைக்காரர்கள் இரைச்சல் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் காலத்தில் வகுப்பு அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். “மைக் வாங்கிக் குடுத்திருக்கோம். நின்னு சொன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரும். இந்தச் சந்தை எதுக்கும்மா? வியாழக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கறேன். பிரயோஜனம் தெரியலன்னா மேசையெல்லாம் பழையபடி வரிசையாப் போட்டுடுவோம்.”

ஒன்பது வருட உழைப்பு ஒரு மணி நேரத்துக்குள் வந்து நின்றது. அந்த வாரம் ஆசிரியை எதையும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நன்றாகவே பயந்திருந்தார்.

வியாழக்கிழமை கடைசி வரிசையில் துறைத் தலைவர். திரையில் கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதற்கு முடுக்கம் உண்டா? இல்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்டு என்பதே சரி. ஒன்பது வருடத்தில் முதல் ஓட்டில் நாற்பது சதவீதத்தைத் தாண்டாத கேள்வி. அன்று சரியான விடைக்கான பச்சைப் பட்டை ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்று மூன்று. வகுப்பு மொத்தமும் அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தது.

“எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கே” என்றார் துறைத் தலைவர் பின்னாலிருந்து. “அப்புறம் குழு எதுக்கும்மா?”

ஆசிரியை முதல் மேசைக்குப் போய்க் குனிந்தார். “ஏன்னு சொல்லு.”

அங்கே உட்கார்ந்திருந்த பெண் பேனா மூடியைத் திருகினாள். “காலைல வாட்ஸ்அப் குரூப்ல விடை வந்துச்சு மேடம். சீனியர்ஸ்கிட்ட கேட்டு வாங்கினோம். சார் வர்றாருன்னு… நீங்க நல்ல பேர் வாங்கணும்னுதான்.”

ஆசிரியைக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தொண்ணூற்று மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு ஏதோ சமாளித்திருக்கலாம். “இது எனக்காகப் போட்ட ஓட்டு. எனக்கு வேண்டாம்” என்று சொல்லி அதை அழித்தார். யாரிடமும் இல்லாத ஒரு கேள்வியை அங்கேயே நின்று தட்டினார்: ஒரே வேகத்தில் நேராக ஓடும் பேருந்துக்குள் நின்று ஒருவர் பந்தை நேராக மேலே எறிகிறார். அது அவர் கைக்கே வருமா, பின்னால் விழுமா, முன்னால் விழுமா?

ஓட்டுகள் வந்தன. கைக்கே வரும் என்று சரியாகச் சொன்னவர்கள் முப்பத்தொரு சதவீதம்.

அரங்கில் யாரோ “போச்சு” என்றார்கள். பாதிப் பேர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். ஆசிரியை திரையின் ஓரத்திலிருந்த அந்த எண்ணைப் பிடித்து, கடைசி வரிசைக்கும் நன்றாகத் தெரியும்படி, திரை முழுக்கப் பெரிதாக்கினார்.