நான் கழுவி வைத்த மூன்றாவது பிளக்

1. முதல் தடவை

செல்வராசு தன் வேனை ஷெட்டுக்குள் கொண்டுவந்தபோது அது வலிப்பு வந்தது போல உதறிக்கொண்டிருந்தது. முதலியார்பேட்டைக்காரர். பழைய வேன், மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஒரு ஸ்கூலுக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற டிரிப், அதுதான் அவருக்கு இருந்த ஒரே பிழைப்பு.

“மேஸ்திரி, மிஸ்ஸிங் அடிக்குது. பிக்கப்பே இல்ல. இன்ஜின் லைட்டு வேற எரிஞ்சிக்கினே இருக்கு. பிரின்சிபால் அம்மா கூப்ட்டு, இன்னொரு வாட்டி லேட்டானா வேற வண்டி பாத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க. வண்டி நின்னா எனக்கு வேற ஒண்ணுமில்ல.”

“கவலப்படாத முசே, ரெண்டு மணி நேரத்துல எடுத்துக்கினு போயிடலாம்” என்றார் தனசேகர் மேஸ்திரி. மனசு நல்லா இருந்தால் வருகிறவர்களை எல்லாம் பிரெஞ்சுக்காரர் மாதிரி முசே என்றுதான் கூப்பிடுவார்.

தட்டாஞ்சாவடியில் அந்த ஷெட்டில் எனக்குப் பார்ட்ஸ் கழுவுகிற வேலை. பதினெட்டு வருஷம் பார்த்தேன். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினிலிருந்து எது கழன்றாலும் முதலில் என் தட்டுக்கு வரும். பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியில் துடைத்துத்தான் மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். அழுக்கோடு எதையும் அவர் கையில் வாங்க மாட்டார். “சபியாம்மா கழுவுனா கல்யாணப் பாத்திரம் மாதிரி இருக்கும்” என்று கஸ்டமர்களிடம் சொல்வார். எனக்கு அதில் பெருமை.

அன்று சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று ஸ்பார்க் பிளக் வந்தது. முதல் இரண்டும் முனையில் பிஸ்கெட் நிறத்தில் காய்ந்திருந்தன. நல்ல பிளக் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தது. பார்த்தேன். கழுவினேன். மூன்றும் ஒரே வெள்ளையாக ஆனதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேஸ்திரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பிளக் நல்லாத்தான் கீது.” ஸ்கேனரைப் போட்டார். மிக்சர் ரிச், அதாவது பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று காட்டியது. அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுவது ஆக்சிஜன் சென்சார். சென்சார் பொய் சொல்கிறது என்று நினைத்து அதை மாற்றினார். வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. செல்வராசு சிரித்துக்கொண்டே போனார்.

2. வாய் வரை வந்தது

மூன்றாம் நாள் அதே உதறலோடு வண்டி திரும்பி வந்தது. மறுபடியும் பிளக்குகள் என் தட்டுக்கு வந்தன. மறுபடியும் மூன்றாவது மட்டும் ஈரம்.

இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. மூன்று சிலிண்டருக்கும் ஒரே சென்சார். அது கெட்டிருந்தால் மூன்று பிளக்கும் கறுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் எப்படி நனையும்? படிப்பு இல்லாவிட்டாலும் அத்தனை வருஷம் கழுவிய கைக்கு இது தெரியாதா?

எழுந்து போய் மேஸ்திரி பக்கத்தில் நின்றேன். சுற்றி நாலு ஆம்பளைகள். செல்வராசு அவரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“என்ன சபியாம்மா?”

“ஒண்ணுல்ல மேஸ்திரி. பிளக்கு...”

“கழுவியாச்சா?”

“இதோ கழுவிட்றேன்.”

“சீக்கிரம் கழுவிக் குடு, இவரு என்னைய கழுவி ஊத்திக்கினு இருக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து கழுவினேன். அந்தத் தடவை மேஸ்திரி, உள்ளே போகிற காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிற மேப் சென்சாரை மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. அடுத்த தடவை பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற காயிலை மாற்றினார். அதற்கும் இரண்டு நாள். ஒவ்வொரு தடவையும் புதுச் சாமான் வேலை செய்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஓடியது புதுச் சாமானால் இல்லை. நான் பிளக்கைக் கழுவிக் காயவைத்ததால் ஓடியது. மறுபடி நனைகிற வரைக்கும் ஓடும், அவ்வளவுதான். மூன்று தடவையும் அந்த ஈரத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். மூன்று தடவையும் அதைத் துடைத்ததும் நான்தான்.

3. கேட்

காயில் மாற்றிய மூன்றாம் நாள் காலை, ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வேன் தண்டவாளத்தின் மேலேயே அணைந்துவிட்டது. உள்ளே பதினொரு பிள்ளைகள். கேட் மூடவில்லை, ரயிலும் வரவில்லை. ரோட்டில் போனவர்கள் இறங்கி வேனைத் தள்ளிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் அம்மா அதே இடத்தில் ஸ்கூட்டரில் நின்று பார்த்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் டிரிப் போய்விட்டது.

வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்று மேஸ்திரி யாரையும் முசே என்று கூப்பிடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்ரோல் பிரஷரைச் சரியாக வைக்கிற ரெகுலேட்டரிலிருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ், சிலிண்டர்களுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டுக்குப் போகும். அதில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். அதை உருவினார். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்தது. ரெகுலேட்டருக்குள் இருக்கிற ரப்பர் கிழிந்து, ஹோஸ் வழியாகப் பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது. ஹோஸ் போய்ச் சேரும் இடம் மூன்றாவது சிலிண்டர் வாசல்.

அவர் அந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அப்ப மூணாவது பிளக்கு மட்டும் நனைஞ்சிருக்கணுமே. சபியாம்மா, நீ கழுவறப்ப எப்டி இருந்துச்சு?”

செல்வராசு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“ஈரமாத்தான் இருந்துச்சு.”

“எத்தினி தடவ?”

“மூணு தடவையும்.”

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. செல்வராசுவும் கத்தவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏம்மா, வண்டி நின்னா எனக்கு வேற ஒண்ணுமில்லன்னு உன் காதுபட தானம்மா சொன்னேன்? ஒரு வார்த்த. அவருகிட்ட சொல்ல கூச்சமா இருந்தா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”



ரெகுலேட்டரை மாற்றிய பிறகு வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. செல்வராசு ஸ்கூல் வாசலில் போய்ச் சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. மாசம் தாண்டுவதற்குள் வேனை விற்றுவிட்டு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை இறக்கப் போனார். முதுகு சரியில்லாத மனுஷன்.

இப்போது ஷெட் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். கழன்ற சாமானை முதலில் பார்க்கிறவள் நீதான். பார்த்ததைச் சொல்லு. ஆம்பளைகள் நடுவில் வாய் வராதென்றால், கழுவாமலாவது கொண்டுபோய் வை. அழுக்கைப் பார்த்து மேஸ்திரி திட்டுவார், திட்டிவிட்டுப் போகட்டும். அந்தப் பிளக்கே அவருக்குச் சொல்லிவிடும்.

இவ்வளவு சின்ன யோசனை. இது எனக்குத் தோன்றியபோது செல்வராசுவின் வேன் செல்வராசுவிடம் இல்லை.