பயந்துகொண்டே பாடம் நடத்தியவள்

சந்திரமதி இங்கிலாந்துக்குப் போனது தைரியத்தால் அல்ல. போகமாட்டேன் என்று சொல்லப் பயந்துதான் போனாள்.

1956ஆம் ஆண்டின் கடைசி. மலாக்காவில், காஜா பேராங் சாலையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று மாலை பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. கடைச் சிப்பந்திகள், போலீஸ்காரர்கள், லோரி ஓட்டுகிறவர்கள் எனப் பலரும் வந்தார்கள். அடுத்த வருஷம் சுதந்திரம் என்று பேச்சு. வெள்ளைக்காரன் போன பிறகும் ஆபீஸ் காகிதம் கொஞ்ச காலம் அவன் பாஷையில்தான் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சந்திரமதிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பகலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிக ஆசிரியை. மாலையில் இந்த வகுப்புக்கு வந்து பெயர்ப் பதிவேட்டை எழுதுவாள், நோட்டுகளைத் திருத்துவாள். பெரியவர்கள் முன்னால் நின்று ஒரு வாக்கியம் பேசியதில்லை.

வகுப்பை நடத்திவந்த கருணாகரன் ஒருநாள் அவள் முன்னால் ஒரு ஃபாரத்தை வைத்தார்.

“ஒரு வருஷம் இங்கிலாந்துல பயிற்சி. பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறதுக்குன்னே தனியா நடத்துறாங்க. உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா.”

தன்னை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று அவள் போட்டுவிட்டாள். ஆறு வாரத்தில் கடிதம் வந்தது.

அவள் அப்பா தம்பிராஜா பெரிய ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். ஊரில் பாதிப் பேரின் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“நீயாத்தான் கையெழுத்துப் போட்டியா?”

“ஆமாப்பா.”

“போகணும்னு ஆசை இருக்கா?”

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். அம்மா பொன்னம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “ஆசையில்லன்னா அந்த மனுஷன்கிட்டப் போய் முடியாதுன்னு சொல்லிட்டு வரட்டும். அவ்வளவுதானே.”

அந்த ‘அவ்வளவு’தான் அவளால் முடியவில்லை. கருணாகரன் வீடு கம்போங் செட்டிக்கு அடுத்த சந்தில் இருந்தது. மூன்று சாயங்காலம் அந்தச் சந்து முனைவரை போனாள். மூன்று முறையும் முனையில் இருந்த கோயில் சுவரோடு திரும்பி வந்துவிட்டாள். அதற்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

சிங்கப்பூரில் கப்பல் ஏறினாள். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த நேரம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. லைஃப் ஜாக்கெட் கட்டக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து கப்பல் மூழ்கும் என்றே அவளுக்குத் தோன்றியது. அறையில் கூட இருந்தவள் பத்து பகாட் என்ற ஊரைச் சேர்ந்த மஜீதா. அதே பயிற்சிக்கு வருகிறவள், எதற்கும் அசராதவள். தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டுச் சந்திரமதியின் தட்டையும் இழுத்துக்கொள்வாள். “முழுகினா எல்லாரும் சேர்ந்துதானே முழுகப் போறோம். சாப்பிடு,” என்பாள்.

கப்பல் மூழ்கவில்லை. ஆனால் கரையில் வேறு பயம் காத்திருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சந்திரமதிக்கு மூன்றரை வருஷப் படிப்பு போயிற்று. அதற்கப்புறம் ஓடி ஓடிப் படித்து ஒப்பேற்றிய ஆங்கிலம்தான் அவளுடையது. இங்கே வாயைத் திறந்தால் ஒருநாள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று உள்ளூர உதறிக்கொண்டே இருந்தது. விரிவுரை வகுப்பில் கேள்வி அவள் பக்கம் வரும்போதெல்லாம் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடுவாள்.

மே மாதம், பயிற்சிக்கு வந்தவர்களே பாடம் நடத்திப் பழகும் வகுப்புகள் தொடங்கின. அவளுக்குக் கிடைத்த இடம் வடக்கே ஒரு சுரங்க ஊர். அங்கே ஒரு விடுதியில் ஹங்கேரிக்காரர்கள் இருபத்திரண்டு பேர் தங்கியிருந்தார்கள். போன வருஷம் தங்கள் நாட்டில் ரஷ்ய டாங்கிகள் புகுந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை தருவதற்கு முன் அவர்களுக்கு ஆங்கிலம் வரவேண்டும்.

முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் அவள் அப்பாவைவிட உயரம். முன்வரிசையிலிருந்து யானோஷ் என்ற ஐம்பது வயதுக்காரர், பெரிய மீசைக்காரர், நேராக அவளிடம் வந்தார். அவள் கையை எடுத்தார். குனிந்து முத்தமிட்டார்.

சந்திரமதி கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கையிலிருந்த படங்கள் தரையில் சிதறின. விடுதி வாசலையும் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில் போய்த்தான் நின்றாள்.

மஜீதா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்து உருண்டாள். “பைத்தியம். அவங்க ஊர்ல பெரிய மனுஷிக்கு அப்படித்தான் மரியாதை பண்ணுவாங்களாம். நீ ஏன் ஓடியாந்தே?”

“எனக்கு எப்படித் தெரியும்? கை தன்னால வந்துருச்சு. கால் தன்னால ஓடிருச்சு.”

“அடுத்த வாரம் கால் தன்னால உள்ள போகுமா?”

கால் தன்னால் போகவில்லை. இழுத்துக்கொண்டுதான் போனாள். அவள் கதவைத் திறந்தபோது இருபத்திரண்டு பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். யானோஷின் முகம் சிவந்திருந்தது. தன்னைப் பார்த்தும் ஆட்கள் பயப்படுவார்கள் என்பதை அவள் அன்றுவரை நினைத்ததில்லை. திட்டமிட்ட பாடத்தை விட்டுவிட்டுத் தன் கையைத் தூக்கிக் காட்டி அதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள். ஒவ்வொருவராக முதுகுப்பக்கமிருந்து கைகள் வெளியே வந்தன. ஒருவருக்கு இரண்டு விரல் இல்லை. அன்று எண்கள்கூடப் படித்தார்கள்.

கோடை போயிற்று. ஆகஸ்ட் முப்பத்தொன்று, சுதந்திர நாள் அன்று பயிற்சிக் கல்லூரியில் மலாயா மாணவர்கள் கொடி ஏற்றினார்கள், மஜீதா தொண்டை கட்டும்வரை பாடினாள். சந்திரமதியும் கைதட்டினாள். ஆனால் மனசெல்லாம் மலாக்காவில் இருந்தது. கூட்டத்தில் அம்மா எங்கேயும் போய் மாட்டிக்கொள்ளாமல் வீட்டிலேயே இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டாள்.

நவம்பரில் தேர்வு. அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட விட்டேக்கர் என்ற அதிகாரி வந்தார். கறுப்புக் கோட்டு, ஒடுங்கிய முகம். கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

சந்திரமதி யானோஷைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நூறு தடவை பதில் சொன்ன கேள்வி. யானோஷ் ஜன்னலைப் பார்த்தார். அடுத்தவரைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது, தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எங்கே கேட்ட சத்தம் என்று அவளுக்கு உறைத்தது. ஜப்பான்காரன் காலம், அவளுக்குப் பதினோரு வயது. இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் பெயர் கேட்டான், ஒருவன் எழுதினான். அம்மாவின் தம்பி பொன்னுதுரை தன் பெயரைச் சொன்னார். மறுவாரம் அவரை லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மாமா திரும்பி வரவே இல்லை.

பெஞ்சுகளுக்கு நடுவே அவள் பின்வரிசைக்கு நடந்தாள்.

“சார், தயவுசெய்து அந்த நோட்டை மூடிவிடுங்கள்,” என்றாள்.

விட்டேக்கர் நிமிர்ந்து பார்த்தார். “மிஸ், எழுதுவதுதான் என் வேலை.”

“தெரியும், சார். ஆனால் இவர்கள் ஊரில் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவன் வேறு மாதிரி ஆள். நீங்கள் எழுதும்வரை இவர்கள் பேச மாட்டார்கள். எனக்கும் பேச வரவில்லை.”

அவர் பேனாவை மூடினார். நோட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

சந்திரமதி முன்னால் வந்தாள். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லோருக்கும் புரியும் சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னாள்: “அவர் போலீஸ் இல்லை. அவர் என் வாத்தியார். எனக்கு மார்க் போட வந்திருக்கிறார்.” பிறகு நெஞ்சில் கை வைத்து, “ஐ ஆம் அஃப்ரெய்ட்,” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சொல் அவர்களுக்குப் புதிது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. புரிந்துவிட்டது. யானோஷ் மீசையைத் தடவினார். மெதுவாக, “ஐ ஆம் அஃப்ரெய்ட்,” என்றார். பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, “ஹி இஸ் அஃப்ரெய்ட்,” என்றார். அவர் அடுத்தவரைக் காட்டினார். வரிசை வரிசையாகப் போய்க் கடைசியில் எல்லோரும் சேர்ந்து, “வி ஆர் அஃப்ரெய்ட்,” என்றபோது யாரோ சிரித்தார்கள். யானோஷ் திரும்பி உட்கார்ந்து விட்டேக்கரையே கேட்டார்: “சார், ஆர் யூ அஃப்ரெய்ட்?”

கறுப்புக் கோட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “சில நேரம்,” என்றார்.

அறிக்கை டிசம்பரில் கைக்கு வந்தது. குரல் மெலிவு. கரும்பலகையைப் பயன்படுத்தவில்லை. பாடத் திட்டத்திலிருந்து விலகினார். தேர்ச்சி. கடைசிச் சொல் தப்பாக அச்சாகியிருக்கும் என்று நினைத்து, திருத்தக் கடிதம் வருமோ என்று கப்பல் ஏறும்வரை தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1958 பிப்ரவரியில் காஜா பேராங்கில் அவளுடைய முதல் மாலை வகுப்பு. இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவர்கள் இருந்தார்கள். இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவளைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து தெரிந்தவர்கள். வகுப்புக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள். ஜாகா, அந்தக் காவல்காரர், பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தினாள். ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளும் இதே கதைதான். மஜீதாவுக்கு எழுதும் கடிதங்களைத் தவிர வேறெங்கும் இதை அவள் சொன்னதில்லை.

அன்று உள்ளே போனதும் துணிக்கடை நாகூர் மீரான் கை தூக்கினார்.

“ஏம்மா டிரெஸ்ஸர் மகளே, அங்க குளிரு எப்படி? ரொம்பவா?”

“இங்கிலீஷ்ல கேளுங்க, மீரான் நானா,” என்றாள் சந்திரமதி. குரல் மெலிந்துதான் வந்தது, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

நாகூர் மீரான் எழுந்து நின்றார். ஒரு சொல் சொன்னார், நிறுத்தினார். பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார், அது தப்பு என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அந்த ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டு முடிக்க வகுப்பு முழுவதற்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆனது.