பாய்மரமும் பல்லுடைந்த சீப்பும்

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் தண்டல் வேலைக்கு ஆபத்து வந்தது. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். அப்போது தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரையண்டை வராது. தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் எங்கள் தோணியில்தான் போகும், வரும்.

அதுவரை எங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி போர்டு இருந்தது. மூன்று கிழட்டுத் தண்டல்கள், அவ்வளவுதான். தோணியின் பக்கவாட்டில் ஒரு தேங்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அலையில் ஆடுகிற கப்பலோடு தோணியை அணைக்க வேண்டும், தேங்காய் உடையக் கூடாது. நான் முதல் இரண்டு தடவை உடைத்துச் சட்னிக்குக் கொடுத்தவன். மூன்றாம் தடவை தேறினேன். அதற்கப்புறம் துறைமுகத்தில் என்னைப் போல அணைக்க ஆளில்லை. நானே சொல்கிறேன், வேறு யார் சொல்வது?

திடீரென்று சர்க்கார் தோணி போர்டு, முத்துக்குளி போர்டு, எடைக்காரர் போர்டு மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது. புது போர்டில் ஒரு டாக்டர், ஒரு கிளார்க், எங்கள் கிழட்டுத் தண்டல்களில் ஒருவர். பழைய லைசென்ஸ் செல்லாது. எல்லோரும் கண் பரிசோதனையில் தேற வேண்டும். சுவரில் ஒரு அட்டை, அதில் இங்கிலீஷ் எழுத்து. எனக்கோ தமிழ் எழுத்தே அந்நியம்.

என் தோணியில் மூட்டை தூக்குகிறவன் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான். மூணாங்கிளாஸ் படித்தவன், அந்தக் கொழுப்பு.

“அண்ணாச்சி, நாளைலேருந்து நீரும் எங்ககூட மூட்டை தூக்கணும் போலுக்கே. இப்பமே முதுகுல எண்ணெய் தேச்சு வையும்.”

“ஏலே, வாய மூடிட்டு வாசல்லயே நில்லு.”

உள்ளே போனேன். கிளார்க் அட்டையைக் காட்டி, “மேல இருந்து வாசியும்” என்றார்.

“அய்யா, எனக்குப் படிக்கத் தெரியாது.”

“அப்பம் ஃபெயில்னு எழுதிரவா?” பேனா தாளைத் தொட்டுவிட்டது.

“பொறுங்கய்யா! பேருதான் தெரியாது, ஆளு தெரியுது. மொதல்ல இருக்கது மூணு பல்லு சீப்பு. அடுத்தது அதே சீப்பு, அடிப்பல்லு உடைஞ்சு போச்சு. பொறவு குறுக்குக்கட்டை வச்ச பாய்மரம். அதுக்குப் பக்கத்துல கயிறு மாட்டுத வளையம்.”

“எழுத்தோட பேரைச் சொல்லணும்னுதான் ரூல்ல இருக்கு” என்றார் கிளார்க்.

கிழட்டுத் தண்டலுக்குக் கோபம் வந்தது. “இவன் கடல்ல போயி எழுத்துக் கூட்டவா போறான்? எதுக்க வார தோணி தெரிஞ்சா போதாதாவே?”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கடைசி வரி வரைக்கும் சொல்லும்” என்றார். கொக்கி, ஏணி, கவிழ்த்த தோணி என்று கடைசி வரிவரை இறங்கினேன்.

“அதுக்கும் கீழ, ஓரத்துல, எறும்பு ஊருதாப்ல ஒரு வரி இருக்கே. அதும் வேணுமாய்யா?”

டாக்டர் எழுந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு அட்டையில் மூக்கு இடிக்க நின்றார். அச்சாபீஸின் பெயராம். வந்து உட்கார்ந்ததும் கிளார்க்கின் தாளை வாங்கி, எழுத்தறியாதவர் வடிவத்தைச் சொன்னால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கப்புறம் வந்தவர்களுக்கும் அதுவே ரூல் ஆனது.

புது லைசென்ஸோடு ஒரு பித்தளை வில்லையும் கொடுத்தார்கள், ஏதோ எழுதியிருந்தது. சட்டையில் குத்திக்கொண்டு, நெஞ்சை முன்னே தள்ளி வெளியே வந்தேன். மூட்டைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான்.

“அண்ணாச்சி, வில்லை தலைகீழால்லா தொங்குது.”

எனக்கு எது தலை, எது கால் என்று தெரிந்தால்தானே? ஆனால் தண்டல் அதை ஒப்புக்கொள்ள முடியுமா?

“தெரியும்லே. குனிஞ்சு பாத்தா எனக்கு நேரா இருக்கணும்லா! போ, தோணியை அவுத்துவிடு.”