இசக்கிசெல்விக்கு வேண்டிய ஐந்நூறு பேர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர், எங்கள் தெரு இசக்கிசெல்வி அக்கா. "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அதே கண்தான்.

"நெட்டுல வார படத்துல இருட்டைப் பாரு, கட்டி கட்டியா நிக்கி" என்பார். அதற்காகவே, இருட்டும் துல்லியமாகத் தெரியும் ஃபோர்கே டிஸ்க் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.

அக்காவுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. பாதிக்கதை இரவு மழையிலேயே நடக்கும். செல்போன் செயலியில் இருந்த அந்தப் படம் சித்திரை மாதம் திடீரென்று காணாமல் போனது. தேடித் தேடி அலுத்திருந்த நேரத்தில், சென்னையில் ஒரு சிறு நிறுவனம் அதை ஃபோர்கே டிஸ்க்காகப் போட முன்வந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஐந்நூறு பேர் முன்பதிவு செய்ய வேண்டும். ஒருவர் குறைந்தாலும் டிஸ்க் கிடையாது.

அக்கா தெருவில் இறங்கிவிட்டார். "கையில வாங்கி வச்சுட்டா நம்ம படம். எவனும் வந்து தூக்கிட்டுப் போக முடியாது, பாத்துக்கிடுங்க." புதிதாகப் பெரிய டிவி வாங்கிய வீடுகளெல்லாம் பதிந்தன. நானும் பதிந்தேன்.

ஞாயிறு மத்தியானம் எண்ணிக்கை நானூற்றுத் தொண்ணூற்றாறு. அக்கா வீட்டு முன்னால் தெருவே கூடிவிட்டது. அப்போது மூன்றாம் வீட்டு அருண்குமார், பரணிலிருந்து இறக்கிய பழைய டிவிடி பிளேயரைத் தூசியோடு தூக்கிக்கொண்டு வந்தான்.

"யக்கா, டிஸ்க் வந்தா இதுல போடலாம்லா?"

அக்காவின் முகம் மாறியது. "இதுல ஓடாதுலே. அதுக்குத் தனி பிளேயர் வேணும்."

"அதை முதல்லயே சொல்லணும்லா!"

எல்லோருக்கும் தெரியும் என்று அக்கா நினைத்திருந்தார். சிடி போடும் எதிலும் ஓடும் என்று தெரு நினைத்திருந்தது. ஒவ்வொருவராகச் செல்போனை எடுத்துப் பதிவை ரத்து செய்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை நானூற்று எண்பத்துமூன்றுக்கு இறங்கியது. அக்கா யாரையும் தடுக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

கோவில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் கனகலட்சுமி மதினி மட்டும் செல்போனை எடுக்கவில்லை.

"ஏட்டி, ஆடித்தபசுக்கு அம்மன் எத்தனை?"

"ஒண்ணுதான். அதுக்கென்ன இப்போ?"

"மண்டகப்படி எத்தனை? நாளுக்கு ஒருத்தர்லா எடுத்து நடத்துதோம்? ஒம் பிளேயரு ஒண்ணு. நாளுக்கு ஒரு வீடுன்னு அனுப்பு."

அருண்குமார் சிரித்தான். "அப்போ டிஸ்க்கும் ஒண்ணு போதுமே மதினி?"

"ஏலே, அவனவன் மண்டகப்படிக்கு மாலையை அவனவன்தாம்லே கொண்டாரணும். அடுத்தவன் போட்ட மாலையையா கழத்திப் போடுவ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா திரும்பி, வீட்டுக்குள் இருந்த பிளேயரைப் பார்த்தார். அதைப் பெட்டியிலிருந்து பிரித்த நாளில் எங்களையெல்லாம் வாசலிலேயே நிற்க வைத்தவர் அவர்.

"கீழ போட்டா?" என்றார் மெல்ல.

"சாமி சப்பரத்தையே தூக்குத ஆளுக நாங்க. ஒம் பெட்டியவா போட்டிருவோம்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"சரி," என்றார் அக்கா. "ஆனா டிஸ்க்கை ஓரத்தப் பிடிச்சுதான் எடுக்கணும். நடுவுல விரல் படப்பிடாது."

ரத்து செய்தவர்கள் மறுபடி பதிந்தார்கள். பிளேயர் வீட்டுக்கே வருகிறது என்று கேள்விப்பட்டுப் பின்தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று அருண்குமார் ஏலக்காரன் போலக் கத்தினான். ஐந்நூறைத் தாண்டியபோது மணி ஐந்தரைகூட ஆகவில்லை. "டிஸ்க் அச்சுக்குப் போகிறது" என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்ததும் அக்கா அதை மூன்று முறை சத்தமாக வாசித்தார்.

அதற்குள் கனகலட்சுமி மதினியும் அருண்குமாரும் முதல் நாள் யாருக்கு என்று மல்லுக்கு நின்றார்கள்.

"இன்னும் டிஸ்க்கே வரல, அதுக்குள்ள சண்டையா?" என்றார் அக்கா.

"சண்டையில்லாம என்னட்டி திருவிழா?" என்றார் மதினி.