பெரியநாயகிக்கு ஈடாக ஒரு மணல் மூட்டை

புருசனின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் பெரியநாயகி எப்போதும் ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். கால்கள் இரண்டும் இடது புறம், மடியில் தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டி, ஒரு கை பெட்டியின் பிடியில், மறு கை சீட்டுக்கு அடியிலிருக்கும் கம்பியில். புதன்கிழமை தோறும் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமதளத்தில் இப்படிப் போய், அங்கிருந்து கல்வராயன் மலை ஏறுவாள்.

பிறந்தது திருக்கோவிலூர்ப் பக்கம். கொஞ்சம் நிலம், நிறையப் பெண் பிள்ளைகள் உள்ள வீடு. பள்ளி முடித்து நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். முதல் வேலையே மலையில் போட்டார்கள். அழுதுகொண்டு மாற்றல் கேட்டவர்கள் உண்டு, இவள் கேட்கவில்லை. மலை ஜனங்கள் ஊசிக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமைக் காட்டுக்குள் ஓடினால், வரப்பில் உட்கார்ந்து அவர்கள் திரும்பி வரும்வரை வெற்றிலை போடுவாள். திரும்பி வரத்தானே வேண்டும்.

கணவன் தனசேகரன் டவுனில் ஓர் உரக்கடையில் கணக்குப் பார்ப்பவன். புதன்கிழமை மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டி ஓட்டுவான். அந்த வண்டி இருந்ததால்தான் வேலை நடந்தது. பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும். அவள் பார்க்க வேண்டிய மூன்று ஊரும் அதைத் தாண்டி, மண் பாதையில். பஸ்ஸில் போய் நடந்தால் ஓர் ஊரை முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிடும். மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கிடையாது.

எண்பத்தேழாம் வருசம் ஆடி மாதம் வண்டிக்குப் புது டயர் போட்டார்கள். மாட்டியவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த கொளஞ்சியப்பன்.

“சார், முன் சக்கரத்துக்கு பேலன்ஸ் பாத்துடட்டுமா? கொஞ்ச நேரம் ஆவும்.”

“காருக்கும் லாரிக்கும் பாக்கறத இதுக்கும் பாப்பியா? மாட்டி வுடுப்பா, நேரமாவுது” என்றான் தனசேகரன்.

அடுத்த புதன்கிழமை, ரோட்டில் வேகம் பிடித்ததும் ஹேண்டில் ஆடியது.

“ஏம்மே, ஒழுங்கா உக்காரு.”

“ஒழுங்காத்தான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

“பின்ன எதுக்கு ஆடுது? நீ ஒரு பக்கம் இழுக்கறே, பெட்டி வேற. முன்னாடி தூக்கிக்குது.”

அவனிடம் காரணம் இருந்தது. கடைவீதியில் தனியாகப் போகும்போது வண்டி ஆடவில்லை. மலை ஏறும்போதும் ஆடவில்லை; அங்கே அவள் அவன் முதுகில் சாய்ந்துவிடுகிறாளாம், பாரம் நடுவுக்கு வந்துவிடுகிறதாம். வண்டியைப் பற்றிப் பெரியநாயகிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் வாயைக் கொடுப்பதில்லை. இடுப்பை நகர்த்தி உட்கார்ந்தாள், பெட்டியைத் தோளில் மாட்டிப் பார்த்தாள். ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறேன் என்று சொன்னதற்கு, சேலையோடு அப்படி உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்றான்.

“நீங்க ஊருக்கு பயப்படறீங்களா, வண்டிக்கு பயப்படறீங்களா? ஒண்ண சொல்லுங்க.”

இரண்டுக்கும் இல்லை என்றான். மறுநாள் அவளை உரக்கடைக்கு வரச் சொல்லி, யூரியா மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினான். வாங்க வந்த விவசாயிகள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் எடையில் பாதிக்கு மணல் அள்ளி, சாக்கில் கட்டி வாயைத் தைத்து, வண்டியின் வலது பக்கம் தொங்கவிட்டான்.

கச்சிராயபாளையத்தில் டீக்கடை சின்னராசு மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தான்.

“இன்னா சார், அக்காவுக்கு எதிர்ல மணலு? துலாபாரமா? எந்தக் கோயிலுக்கு?”

“ரெண்டு டீ போடு. பேச்ச கம்மி பண்ணு” என்றாள் பெரியநாயகி.

மணலோடும் ஆடியது. பாரம் கூடியதால் வண்டி திரும்ப மறுத்தது, அவ்வளவுதான் லாபம். ஒரு மாதம் பொறுத்தபின் தனசேகரன் முடிவாகச் சொல்லிவிட்டான்: “எங்கனா கொண்டு போயி வுட்டுட்டேன்னா ரெண்டு பேரும் காலி. வர்ற புதன் ஒரு வாட்டி வரேன். அதுக்கப்பறம் நீ பஸ்ஸுல போ.”

அவன் பயம் பொய்யில்லை. ஆனால் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, மூன்று ஊரில் எந்த இரண்டை விடுவது என்று யோசித்தாள்; விடக்கூடிய ஊர் ஒன்றும் தென்படவில்லை.

அந்தப் புதன் வருவதற்குள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, டவுனில் பாதிக் கடை மூடிக் கிடந்தது. போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ரோடு மூடியது மலையிலுள்ள தாய்மாருக்குத் தெரியாது, களை எடுப்பை விட்டுவிட்டு வந்து காத்திருப்பார்கள் என்றாள். விடியற்காலையில் கிளம்பினார்கள்.

டவுனைத் தாண்டியதும் முதல் மரம். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆட்களில் தெரிந்த முகங்கள் இருந்தன.

“ஊசி போடற அக்காப்பா, வுடு. ஏங்கா, எங்களுக்கும் ஒண்ணு போட்டுட்டு போறது.”

“கோடாலி கால்ல பட்டுச்சுன்னா சொல்லுங்க. திரும்பி வரப்ப மிச்சம் இருந்தா போடறேன்.”

வண்டி பள்ளத்தில் இறங்கி வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். மணல் மூட்டை வரப்பில் இடித்தது. தனசேகரன் அதை அவிழ்த்து மரத்தடியில் போட்டான். பெரியநாயகி பெட்டியோடு மரத்தின்மேல் ஏறி இறங்கினாள். அடுத்த மரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கிடந்தது. வண்டியில் ஏறி இறங்குவதற்கு நடந்தே வருகிறேன், முன்னால் போங்கள் என்றாள்.

காலி ரோடு. முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. எந்த ஆம்பளையும் செய்வதைத் தனசேகரனும் செய்தான்: ஆக்சிலேட்டரை முறுக்கினான். பின்னால் நடந்து வந்த பெரியநாயகி அவன் முழங்கைகளைப் பார்த்தாள். இரண்டும் நடுங்கின. நடுக்கம் அவளுக்குத் தெரியும். குளிர் ஜுரத்து நடுக்கம், சாராயம் விட்டவன் நடுக்கம், கிழவர் கை நடுக்கம் எல்லாம் பார்த்தவள். இது சக்கரத்திலிருந்து ஏறி வந்த நடுக்கம்.

இரண்டாவது மரத்தருகே அவன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தான்.

“எத்தினியில போனீங்க?”

“அம்பது இருக்கும்.”

“ஆடிச்சா?”

அவன் மரத்தைப் பார்த்தான். “கொஞ்சம்.”

“கொஞ்சம் இல்ல, பாத்தேன். நான் அங்க நடந்து வரேன், மணலு மரத்தடியில கெடக்குது. இப்ப யாரு ஒழுங்கா உக்காரல?”

“ரோடு சரியில்ல மே.”

“சரி. இதே ரோட்டுல முப்பதுல போயிட்டு வாங்க. அப்பறம் நாப்பது. அப்பறம் அம்பது.”

அவன் போய் வந்தான். அந்த மரத்தின்மேலும் உட்கார்ந்திருந்த மறியல்காரர்கள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள்.

“இன்னா சார், எங்களுக்கு காவலு சுத்தறீங்களா?”

முப்பதில் ஆடவில்லை. நாற்பதில் லேசாகத் தொடங்கியது. ஐம்பதில் கை நிற்கவில்லை.

“ஆளுக்கு ஆடல, வேகத்துக்கு ஆடுது. அதான் கடைவீதியிலயும் ஆடல, மலையிலயும் ஆடல. முப்பதுலயே போங்க” என்று ஏறி உட்கார்ந்தாள்.

மலை ஏறிச் சேர வெயில் ஏறிவிட்டது. ஐஸ் பாதி இருந்தது. சாமியம்மாள் என்ற தாய், இரட்டைப் பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு பாதையிலேயே நின்றாள்.

“பஸ்ஸு சத்தமே காணோமே, நீ வரமாட்டேன்னாங்க இவங்க.”

“வந்துட்டேனே. மொதல்ல பெரியவன குடு.”

மூன்று ஊரும் முடிந்தன.

மறியல் ஓய்ந்து ஷட்டரைப் பாதி தூக்கியிருந்த கொளஞ்சியப்பன் கடைக்கு இருவரும் போனார்கள். அவன் முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு கட்டைகளின்மேல் வைத்துச் சுற்றிவிட்டான். சக்கரம் ஓடி, தயங்கி, பின்னுக்கு ஆடி நின்றது. மறுபடி சுற்றினான். அதே இடம்தான் கீழே வந்தது.

“இங்க கனம் ஜாஸ்தி” என்று அந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டான். அதற்கு நேர் எதிரே இருந்த கம்பியில் ஈயக் கம்பியைச் சுற்றினான். கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் வெட்டினான். கடைசியில் சக்கரம் நினைத்த இடத்திலெல்லாம் நின்றது.

“அப்ப புது டயருன்னா எல்லாத்துக்குமே இது வேணுமா?” என்று பெரியநாயகி கேட்டாள்.

“சிலது மாட்டின ஒடனே சரியா வுழுந்துடும்கா. மெதுவா போறவங்களுக்கு சரியா வுழாததும் தெரியாது. எது எப்டின்னு சுத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“இத அன்னிக்கே சொல்லி இருக்கலாமில்ல?” என்றான் தனசேகரன்.

“கேட்டனே சார். நேரமாவுதுன்னீங்க.”

தனசேகரன் சட்டைப் பையில் எதையோ தேடினான்.

அடுத்த புதன்கிழமை பஸ் ஓடியது. வெட்டிய மரங்களை ஓரமாக உருட்டியிருந்தார்கள். பெரியநாயகி பெட்டியை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தனசேகரன் வண்டியைக் கிளப்பி நின்றிருந்தான்.

“பஸ்ஸுல போவச் சொன்னீங்க.”

“பஸ்ஸு வந்து, அது மலையேறி, அதுக்குள்ள ஐஸ்ஸு தண்ணியாயிடும். ஏறு.”

ஏறினாள், ஒரு பக்கமாகவே. டவுன் தாண்டியதும் அவன் வேகம் கூட்டினான். நாற்பது, ஐம்பது. ஹேண்டில் அசையவில்லை. அவன் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்; அவையும் அசையவில்லை. பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னான்:

“நீ இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காந்தீன்னா நல்லா இருக்கும்.”

பெரியநாயகி தள்ளி உட்காரவில்லை.